வள்ளத்துக்கு வார்த்த தண்ணீர்

எங்கள் வயதுக்காரர் எல்லாரும் இப்போது தோட்டக்காரர் ஆகிவிட்டோம். ஐம்பதைத் தொட்டதும் டாக்டர் நடக்கச் சொல்கிறார், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் படுத்து ஓய்வெடுக்கச் சொல்கிறார்கள். இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளாமல் மொட்டைமாடியில் பைகளை அடுக்கித் தக்காளி வைக்கிறோம். ஒருவருக்குப் பழம் வெடிக்கிறது, இன்னொருவருக்குப் பூ கொட்டுகிறது. கைபேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்பி என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். நானும் பெரிய கெட்டிக்காரி மாதிரிப் பதில் எழுதுகிறேன்.

அரியாலையில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு பரப்புக்குக் கொஞ்சம் குறைந்த நிலம் இருக்கிறது. வாடைக்காற்று அடங்கி, மாசிப் பனி விழுந்து, முருங்கைப்பூ முற்றமெல்லாம் கொட்டிக் கிடக்கும் இந்த நாட்களில் விடிந்ததும் அதற்குள்தான் நிற்பேன். போன கிழமை வந்த ஒரு சிநேகிதி பாத்தியைப் பார்த்துவிட்டு, எந்தத் தோட்டக்கார ஊரில் பிறந்தாய் என்று கேட்டாள். நான் எந்தத் தோட்டக்கார ஊரிலும் பிறக்கவில்லை. குருநகரில், கடலுக்குப் போன மனிதருக்குப் பிறந்தவள். செத்தவர்களுக்குக் குழி வெட்டிய நேரம் தவிர எங்கள் ஆட்கள் மண்வெட்டியைத் தொட்டதில்லை. அப்படியிருக்க நாங்கள் ஒரு வருடம் பட்டணத்துக்கு நடுவில் தோட்டம் செய்தோம். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

யுத்தத்தில் கடலுக்குப் போகக் கூடாது என்று தடை போட்டிருந்த காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மண்ணெண்ணெய் இல்லாமல் ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்த தலைமுறை நாங்கள். கரையில் செல் குண்டுகள் விழத் தொடங்கியதும் எங்கள் வீட்டையும் விட்டோம். பட்டணத்துக்குள் தனியாக இருந்த ஒரு டீச்சரின் பெரிய வீட்டில் பின்பக்கத்து இரண்டு அறைகள் எங்களுக்குக் கிடைத்தன. டீச்சர் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மெதடிஸ்த சபை. நாங்கள் கத்தோலிக்கர், அதுவும் கடற்கரையார். முதல் நாளே அம்மா எனக்கும் தம்பிக்கும் சத்தம் போடாமல் நடக்கப் பழக்கினார்.

அம்மா சட்டி பானையுடனும் எங்களுடனும் வந்தார். அப்பா வள்ளத்துடன் வந்தார். அவருடைய மர வள்ளத்தைக் கரையில் விட மனமில்லாமல், மாட்டு வண்டிலில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டி, பட்டப்பகலில் தெருவழியே கொண்டுவந்து டீச்சரின் மாமரத்துக்குக் கீழ் இறக்கினார். வள்ளத்தின் பக்கப் பலகையில் நீல மையால் 'அந்தோனியார் துணை' என்று எழுதியிருக்கும். தெருவில் போனவர்கள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அப்பா அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அந்த வருடம் தை பிறந்த கையோடு அப்பா சைக்கிளில் எங்கேயோ போய்விட்டு வந்தார். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அரிசி கொஞ்சம், கல் கூட. கன்னியர் மடத்து விடுதியில் எனக்கும் தம்பிக்கும் இடம் கேட்டிருப்பதாகவும், உயிர்த்த ஞாயிறுப் பெருநாள் கழிந்ததும் எடுப்பதாகச் சிஸ்டர் சொல்லிவிட்டதாகவும், அங்கே மூன்று நேரமும் சாப்பாடு உண்டென்றும் அப்பா சொன்னார். அவர் குரல் கடல்நிலை சொல்வதுபோல் சாதாரணமாக இருந்தது. மீன்பிடி இல்லை, கையிருப்பு முடிந்துவிட்டது, வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

அம்மா சுளகைக் கீழே வைத்தார்.

"உயிர்த்த ஞாயிறு மட்டும் பொறுங்கோ. அதுக்கிடையிலை இந்த வளவுக்கை இருந்து நாளுக்கு ஒரு நேரச் சாப்பாடு நான் எடுத்துக் காட்டுறன். காட்டேலாட்டி நானே ரெண்டையும் கூட்டிக்கொண்டு போய் மடத்திலை விட்டிட்டு வாறன்."

"மண்ணைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?"

"உங்களுக்குத் தெரிஞ்ச அளவு தெரியும்."

அது உண்மைதான். இருவருக்கும் ஒன்றும் தெரியாது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஏழு. நாங்கள் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டோம். தம்பி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, மடத்தில் பையன்களையும் பெண்களையும் ஒன்றாகப் படுக்க விடுவார்களா என்று கேட்டான். விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னேன்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த வளவைக் கொத்தத் தொடங்கினோம். அலவாங்கை, அதாவது கடப்பாரையை, போட்டால் கல்லில் பட்டுப் பொறி பறக்கும் நிலம். டீச்சர் அனுமதி தந்தார், ஆனால் கிணற்றுக்கு ஒரு சட்டம் வைத்தார். வெயில் ஏறும் முன் அள்ளுவதுதான் அன்றைக்குத் தண்ணீர். அதற்குப் பிறகு கயிற்றையும் வாளியையும் கழற்றி உள்ளே கொண்டுபோய்விடுவார். காலையில் நாங்கள் அள்ளுவதற்கு முன் அவரே ஒரு வாளி அள்ளி, பித்தளைச் செம்பில் கொஞ்சம் ஊற்றி, வாயில் வைத்துப் பார்ப்பார். நாங்கள் புழங்கிக் கிணறு கெட்டுவிட்டதோ என்று சோதிக்கிறாராக்கும் என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். "எங்களுக்குத் தண்ணியை அளந்து தாறா" என்று அவர் சொல்லாத நாளில்லை.

அளந்து வந்த அந்தத் தண்ணீருக்குத்தான் வீட்டில் சண்டை. சமைக்க, குளிக்க, பாத்திக்கு என்று பங்கு வைத்தால் அப்பா தன் பங்கை எடுத்துக்கொண்டு வள்ளத்துக்குப் போவார். மர வள்ளம் நீரை விட்டு நெடுநாள் வெயிலில் கிடந்தால் பலகை சுருங்கி மூட்டுவாய் திறந்துகொள்ளும். பிறகு கடலில் இறக்கினால் சல்லடை மாதிரித்தான். அதனால் ஒவ்வொரு மாலையும் உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் வார்ப்பார், சாக்கு நனைத்து மூடுவார், பலகைகளின் மூட்டை விரலால் தடவிப் பார்ப்பார். பிள்ளைக்கு உடம்பு கழுவி விடுகிற மாதிரி. அம்மா பாத்தியில் நின்றபடியே கேட்பார்:

"செத்த மரத்துக்குத் தண்ணி வார்த்தா முளைக்குமே?"

அப்பா வாளியைக் கவிழ்த்து மிச்சத்தையும் வார்ப்பார். ஆனால் மறுநாள் காலையில் அலவாங்கை எடுத்துக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் நிற்பார். அந்த மனிதரை எனக்கு அப்போது விளங்கவில்லை.

தோட்டத்தையும் அவர் கடற்காரராகத்தான் செய்தார். பாத்திகளைக் கடலாழம் அளக்கிற பாகக் கணக்கில் அளந்தார். வேலிக்குப் பழைய வலையைக் கட்டினார். அயல்வீட்டு ஆடு ஒன்று இரண்டாம் நாளே அதில் சிக்கிக் கத்தியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அப்பாவின் வலையில் ஏதோ பட்டிருக்கிறது. ஓடிப்போய் ஆட்டைக் கழற்றும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அம்மா கூடச் சிரித்தார்.

மண்ணுக்கு உரமாகப் போடும் பசளைக்கு என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது அப்பாவுக்கு உற்சாகம் பிறந்தது. சாதாளை தெரியும்தானே, கரையில் கறுத்துச் சுருண்டு ஒதுங்கும் கடற்புல். வருடா வருடம் தோட்டக்காரர் வண்டில் கட்டி வந்து அதை அள்ளிக்கொண்டு போவதை அப்பா சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறார். அதைவிட நல்ல பசளை இல்லை என்று அவர்கள் சொல்லக் கேட்டுமிருக்கிறார். ஒரு கிழமையாகக் கொழும்புத்துறைக் கரைக்குச் சைக்கிளில் போய்ச் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து பாத்திகளில் போட்டு மண்ணால் மூடினார். வளவு முழுக்கக் கரை மணம். எங்கள் பழைய வீட்டின் மணம் அது. அந்தக் கிழமை நாங்கள் நால்வரும் அடித்துப் போட்டதுபோல் தூங்கினோம்.

அம்மா கீரை விதைத்தார், கத்தரிக் கன்று வைத்தார், வெங்காயம் ஊன்றினார். கீரை சிவந்த ஊசியாக முளைத்து வந்தது. தம்பி விழுந்து கிடந்து பார்த்தான். பிறகு இலை நுனி கருகியது. பிறகு தண்டு. தை முடிவதற்குள் எல்லாம் வைக்கோலாகிவிட்டது. காய்ந்த மண்ணின் மேல் வெள்ளையாக ஒரு தோல் படர்ந்திருந்தது. தம்பி விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, "உப்பு" என்றான்.

தோட்டக்காரர் சாதாளையைக் கொண்டுபோய் மாரிக்கு முன்னரே குவித்து, மாரி மழை முழுவதும் அதன் மேல் விழ விட்டு, உப்புக் கழுவுப்பட்ட பிறகுதான் நிலத்தில் போடுவார்கள். இன்று அது எனக்குத் தெரியும். அப்பா வண்டில் புறப்படுவதைத்தான் பார்த்திருக்கிறார். அது போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன நடந்தது என்று பார்த்ததில்லை. கரையில் நிற்கிறவனுக்கு அதற்கு மேல் எப்படித் தெரியும். மாரி முடிந்து ஒரு துளி மழையும் இல்லாத தை மாதத்தில், கடலின் உப்பை முழுதாகக் கொண்டுவந்து எங்கள் சோற்றில் போட்டுவிட்டோம்.

அப்பா தோல்வியை ஏற்கிற ஆள் இல்லை. மழை கழுவாவிட்டால் நான் கழுவுகிறேன் என்று கிளம்பினார். டீச்சர் தன் சபைக் கோயிலுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சித்தப்பா வீட்டிலிருந்து கயிறும் வாளியும் கொண்டுவந்து, வெயிலேறிய பிறகும் அள்ளி அள்ளிப் பாத்திகளுக்கு இறைத்தார். கிணற்றின் அடி தெரிகிற மட்டும் அள்ளினார். மறுநாள் காலையில் டீச்சர் செம்பை வாயில் வைத்துவிட்டு அப்படியே துப்பினார். கிணறு உவர்த்துப் போயிருந்தது. அவர் எங்களைத் திட்டவில்லை. கப்பியையே கழற்றி உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். சில நாட்கள் தெருமுனைக் கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்தோம்.

அன்றைக்கு எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். மனிசிக்குச் சாதித் திமிர், கடற்கரையாருக்குத் தண்ணீர் விட மனமில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். நம் ஊர்க் கிணறுகளில் நல்ல தண்ணீர் மேலேதான் மிதக்கிறது, கீழே முழுவதும் உவர், அளவுக்கு மிஞ்சி அள்ளினால் உவர் மேலே ஏறிவிடும். டீச்சர் அதைச் சொன்னார்தான். தராமலிருக்க ஒரு சாட்டு என்று எடுத்துக்கொண்டோம். இப்போது என் கிணற்றில் நான் காலையில் செய்கிற முதல் வேலை ஒரு வாய் தண்ணீர் எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பது. பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்களோ தெரியாது.

மாசி வந்தது. பாத்திகள் செத்துக் கிடந்தன. கிணறு மெல்ல மெல்ல இனித்து, டீச்சர் கப்பியைத் திரும்பப் பூட்டினார், பழைய சட்டத்துடன். விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலுடன் வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அப்பா எனக்காக எங்கிருந்தோ வாங்கி வந்தது. விடுதிக்குப் போகிற பிள்ளைக்குப் பெட்டி வேண்டும், பெட்டியில் பெயர் எழுதியிருக்க வேண்டும். அம்மா அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். 

அன்று மாலை மாமரத்துக்குக் கீழே விளையாடியபோது நான் வள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே இருக்கைப் பலகைக்குக் கீழே, மாவிலையும் புழுதியும் மக்கிப் படிந்த ஒரு மூலையில், கீரை நின்றது. ஒரு பிடி இருக்கும். தண்டு சிவந்து, இலை அகன்று, என் கையளவுக்கு உயர்ந்து. அம்மா கீரை விதையைக் காய வைத்த துணியை வள்ளத்தின் விளிம்பில்தான் உதறுவார். மாரி முழுக்க மழை கழுவிய வள்ளம், உப்பு இல்லை. அப்பா வார்த்த தண்ணீர் ஒவ்வொரு நாளும் அடியில் ஊறி நின்றிருக்கிறது.

நான் கூப்பிடவில்லை. போய் அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். அம்மா குனிந்து பார்த்தார், நிமிர்ந்து வள்ளத்தை நுனியிலிருந்து நுனி வரை பார்த்தார். அப்பா அப்போதுதான் வாளியுடன் வந்தார். அம்மா என்ன கேட்கப் போகிறார் என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"வள்ளத்துக்கை மண்ணோ?" என்றார் அப்பா. "மண் போடுறது சவத்துக்கு."

அது பங்குச் சுவாமியார் மந்திரித்த வள்ளம். வருடத்தில் ஒருநாள் பூ மாலை போட்டுக் கும்பிட்ட வள்ளம். என்றைக்காவது கடல் திறக்கும் என்று அப்பா நம்புவதற்கு அது ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதற்குள் மண் கொட்டச் சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று அம்மாவுக்கும் தெரியும். கீரையைப் பிடுங்காமல் அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனார்.

விளக்கு வைத்த பிறகு அப்பா தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வள்ளத்துக்கு அடித்த நீல மையின் மிச்சத்தைக் குழைத்து என் பெயரை எழுதத் தொடங்கினார். நான் பக்கத்தில் குந்தியிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. நான் கணக்குப் பார்க்கிற பிள்ளை. நாளைக்குத் தண்ணீரை எப்படிப் பங்கிடுவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, நான் போனாப் பிறகு என்ரை பங்குத் தண்ணியையும் வள்ளத்துக்கு வார்க்கலாம்தானே?"

உதவியாக இருக்கட்டும் என்றுதான் கேட்டேன். அப்பாவின் கை நின்றது. பெயரில் கடைசி எழுத்து ஒன்றுதான் பாக்கி. தூரிகையைத் தண்ணீரில் போட்டுவிட்டு எழுந்து வெளியே போனார். அந்த எழுத்தை அவர் பிறகும் எழுதவில்லை.

விடிந்து நான் எழும்பியபோது வள்ளம் துப்புரவாகக் கழுவப்பட்டிருந்தது. அடியில் தண்ணீர் வடிகிற துளைக்கு ஒரு மரத்தக்கை உண்டு. அதைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, துளையின் மேல் தேங்காய்த் தும்பை அடைத்திருந்தார். அந்தக் கீரைப் பிடியை மட்டும் வேரோடு எடுத்து ஒரு சிரட்டையில் வைத்திருந்தார். பிறகு குளித்து, சட்டையைப் போட்டுக்கொண்டு, டீச்சரின் முன்வாசலுக்குப் போனார். முன்வளவில் டீச்சரின் ரோசாப் பாத்திகள் இருந்தன. அவருடைய பிறந்த ஊரான பண்டத்தரிப்பிலிருந்து அந்தக் காலத்தில் வண்டில் வண்டிலாக வந்த சிவப்பு மண். ரோசாக்கள் தண்ணீரில்லாமல் எப்போதோ செத்துவிட்டன. அம்மா பின்னாலிருந்து, கேட்டு அவமானப்படத்தான் போகிறார் என்று முணுமுணுத்தார்.

அப்பா அந்த மண்ணைக் கேட்டதும் டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ரோசாவை அவித்துத் தின்ன முடியாது, எடுங்கோ என்றார். ஒரு நிபந்தனை மட்டும் சொன்னார். தன் பழைய பிஸ்கட் பேணியிலிருந்து ஒரு விதைப் பையை எடுத்துத் தந்து, ஒரு வரிசை பீற்றூட் தனக்குப் போட வேண்டும் என்றார். வெள்ளைக்காரிகளிடம் படித்த நாளிலிருந்து அந்தக் கிழங்கில் அவருக்கு ஒரு ஆசை. 

மூன்று நாள் மண் சுமந்தோம். அணியத்தில், அதாவது வள்ளத்தின் மூக்கில், வெங்காயம். நடுவில் கீரை. பின்பக்கம் டீச்சரின் பீற்றூட். மிஞ்சிய மண்ணை மீன் பெட்டிகள், உடைந்த பானைகள், ஓட்டைக் கடகம் என்று கிடைத்த எல்லாவற்றிலும் நிரப்பி வள்ளத்தைச் சுற்றி வைத்தோம். மாமரக் கிளையிலிருந்து வலையைத் தொங்கவிட்டு அதில் பயிற்றங்கொடியை ஏற்றினார் அப்பா. தண்ணீர்ச் சண்டை அன்றோடு ஓய்ந்தது. அம்மா செடிக்கு வார்த்தால் அது வள்ளத்துக்கு, அப்பா வள்ளத்துக்கு வார்த்தால் அது செடிக்கு. யார் வாளி யாருடையது என்று பிறகு யாரும் பார்க்கவில்லை.

பெருநாளுக்கு முந்தின தபசு காலம் பாதி போனபோது முதல் கீரையைப் பிடுங்கினோம். ஈர மண்ணிலிருந்து வேர் கழலும்போது வருகிற அந்தச் சின்னச் சத்தம் இன்னும் என் விரலில் இருக்கிறது. ஒரு பங்கைச் சட்டிக்கு எடுத்துக்கொண்டு மற்றதைத் தம்பியும் நானும் தெருவில் கொண்டுபோய் அரிசிக்கு மாற்றினோம். பிடிக்குப் பிடி. மரத்தின் கீழே ஒரு வள்ளத்தில் விளைந்த கீரை என்று கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்கவே சிலர் வந்தார்கள். நாளுக்கு ஒரு நேரம் என்ற அம்மாவின் வாக்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாளாகி, பிறகு ஒவ்வொரு நாளுமாகியது. அப்பா மடத்துக்குப் போய் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. பெருநாள் வருமட்டும் பார்ப்போம் என்பதுதான் பேச்சு, பெருநாள்தான் இன்னும் வரவில்லையே.

அந்த நேரம் பார்த்துத்தான் கடல் திறந்தது. பகலில், கரையோடு அண்டி, களப்பு என்கிற உள்கடலுக்குள் மட்டும் தொழில் செய்யலாம் என்று அறிவித்தார்கள். சித்தப்பா ஓட்டமாக வந்தார். அவருக்குச் சொந்த வள்ளம் இல்லை, அப்பாவின் கூட்டாளியாகத்தான் எப்போதும் கடலுக்குப் போனவர்.

"அண்ணை, உந்த மண்ணைக் கொட்டிப்போட்டு வாங்கோ. எல்லாரும் இறக்கீட்டினம்."

வெங்காயத் தாள் அப்போதுதான் முழங்கை உயரம். கீழே பிடித்த காய் முத்தவில்லை. பீற்றூட் என் பெருவிரல் அளவு. அப்பா வள்ளத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சித்தப்பாவுடன் கரைக்குப் போனார். அம்மா அடுப்படியில் நின்று செபமாலையைக் கையில் எடுத்தார். கடலைக் கண்ட அப்பா வீட்டுக்கு வந்ததும் மண்வெட்டியைத்தான் எடுப்பார் என்று நாங்கள் மூவரும் நினைத்தோம்.

அவர் பொழுது சாய்கையில் திரும்பி வந்தார். சாரம் முழங்காலுக்கு மேலே நனைந்திருந்தது. உப்புத் தண்ணீர் காய்ந்து காலில் வெள்ளைக் கோடு போட்டிருந்தது. வாளியை எடுத்து, வழக்கம்போல அணியத்திலிருந்து தொடங்கி வார்த்தார்.

"பெருநாள் முடியட்டும்," என்று சித்தப்பாவிடம் சொன்னார். "உது இண்டைக்குத் திறக்கும், நாளைக்குப் பூட்டும். இதிலை என்ரை பிள்ளையள் ரெண்டும் நிக்குது."

சித்தப்பா கோபித்துக்கொண்டு போய் இன்னொருவர் வள்ளத்தில் ஏறினார். மீனுடன் எங்கள் தெருவால் போகும்போது வேண்டுமென்றே சைக்கிள் மணி அடிப்பார். கரையில் அப்பாவுக்குக் 'கீரைக்காரன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பூசைக்குப் போனால் பின்வரிசை வாங்கில் இருக்கிற பொடியள் அதைச் சொல்லிச் சிரிப்பது காதில் விழும். எனக்கு வெட்கம். அப்பா கடலுக்குப் பயந்துவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். பயந்த மனிதர் நனைந்த சாரத்துடன் வந்திருப்பாரா என்று யோசிக்கிற வயதில்லை. முழங்காலுக்கு மேல் நனையக் கடலில் இறங்கி நின்றுவிட்டுத் திரும்பி நடந்து வர எவ்வளவு பலம் வேண்டும் என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது.

இரண்டு கிழமை போகவில்லை, களப்பையும் பூட்டிவிட்டார்கள். சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா ஒன்றும் கேட்காமல் கீரையும் சோறும் போட்டார். அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

பிறகு வெகுகாலம் சென்று கடல் உண்மையாகவே திறந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடுவேன். அதுவரை வள்ளம் எங்களுக்கு எத்தனையோ தரம் காய்த்தது. கரையில் கிடந்த மற்ற மர வள்ளங்கள் எல்லாம் வெயிலில் வாய் பிளந்து விறகுக்குப் போயின. அப்பா மண்ணைக் கொட்டி, கழுவி, தக்கையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அடித்து, வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கினார். ஈர மண்ணைச் சுமந்து கிடந்த பலகைகள் ஊறிப் பருத்து ஒன்றோடொன்று இறுகியிருந்தன. ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. சித்தப்பா தன் கையால் அடிப்பலகையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

அந்த வருடத்து உயிர்த்த ஞாயிறுக்கு வருகிறேன். சோறு, கீரை, பயிற்றங்காய்க் கறி, வெங்காயம் வதக்கிய குழம்பு. டீச்சர் தன் பீற்றூட்டை அவித்து வட்டம் வட்டமாக வெட்டிப் பீங்கானில் கொண்டுவந்து முதல் தடவையாக எங்கள் அறையில் பாயில் இருந்து சாப்பிட்டார். எல்லாருடைய வாயும் சிவந்திருந்தது. வளவுக்கு வெளியே இருந்து வந்தது உப்பும் தேங்காயும்தான், அரிசியும் கீரைக்கு வந்தது. அப்பா இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார். மறுநாள் சிஸ்டர் வருவார் என்று எல்லாருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை காலையில் சிஸ்டர் சைக்கிளில் வந்தார். நல்ல மனிசி. வெள்ளை உடுப்பின் ஓரம் சங்கிலியில் படாமல் ஒரு கையால் பிடித்தபடி இறங்கினார். பிள்ளைகள் ஆயத்தமா, பெட்டி கட்டியாயிற்றா என்று கேட்டார். அம்மா அப்பாவைப் பார்த்தார். மடத்துக்குப் போய்க் கேட்டவர் அவர், பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். தம்பி என் பின்னால் ஒளிந்துகொண்டு சட்டையை இறுக்கிப் பிடித்தான்.

அப்பா உள்ளே போய் அந்தத் தகரப் பெட்டியைத் தூக்கி வந்தார். பாரமாக இருந்தது, முதுகு வளைந்தது. கடைசி எழுத்தில்லாத என் பெயர் மூடியின் மேல் நீலமாக இருந்தது. அதைச் சிஸ்டரின் காலடியில் வைத்துத் திறந்தார். உள்ளே விளிம்பு வரை வெங்காயம். முதல் நாள் பொழுது சாயுமுன் அணியத்திலிருந்து பிடுங்கி, மண் தட்டி, தாளைப் பின்னி, அடுத்த நடுகைக்கென்று அடுக்கியிருந்தார். எங்களுக்கே தெரியாது.

"பிள்ளையளின்ரை உடுப்பு வைக்க இதுக்குள்ளை இடமில்லை, சிஸ்டர்," என்றார்.

சிஸ்டர் பெட்டியைப் பார்த்தார், மாமரத்தின் கீழ் மண்ணுடன் நின்ற வள்ளத்தைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு, மடத்தில் இப்போது குழம்புக்கு வெங்காயமே இல்லை என்றார். அப்பா குனிந்து பெட்டியிலிருந்து நல்ல பிடியாகப் பார்த்து இரண்டை எடுத்துச் சைக்கிளின் பின்னால் வலைக்கயிற்றால் கட்டிவிட்டார். மடத்துக்குப் போகவென்று எனக்கு வாங்கிய பெட்டியிலிருந்து அன்று மடத்துக்குப் போனது அந்த வெங்காயம்தான்.